புழுதியும் எருவும்: உழவு அதிகாரத்தின் இரு குறள்களும் மண்வளப் பேணலும்

முன்னுரை

திருக்குறளின் 104ஆம் அதிகாரமாகிய உழவு, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பறைகளில் தவறாது இடம்பெறும் பகுதிகளுள் ஒன்று. அதன் முற்பகுதியில் உள்ள குறள்கள் உழவரின் உயர்வையும் உலகம் அவரைச் சார்ந்திருக்கும் நிலையையும் கூறுவதால் மேடையிலும் கட்டுரையிலும் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. ஆனால், 1037, 1038ஆம் குறள்கள் தொழில்நுட்பம் பேசுபவை. மண்ணை எவ்வளவு உலர்த்த வேண்டும், உழவுக்கும் எருவுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு யாது என்பன அவற்றின் பொருள். இவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் பெரும்பாலும் பதவுரையோடு நின்றுவிடுகிறார். உழவு மாடும் எருக்குழியும் காணாத மாணவர்க்கு அதற்குமேல் எதை விளக்குவது என்னும் இடர்ப்பாடு அவருக்கு உண்டு.

இதனால் விளைந்த தீங்கு ஒன்றையும் இங்கே குறிக்க வேண்டும். 1037ஆம் குறளை மட்டும் தனியே பிரித்தெடுத்து, 'நன்கு உழுதால் எருவே வேண்டா என்பது தமிழர் கண்ட அறிவியல்' என்று கூறும் போக்கு காணப்படுகிறது. இக்கூற்று வள்ளுவரையும் மண்ணியலையும் ஒருசேரப் பிழைபடப் புரிந்துகொண்டதன் விளைவாகும். மண்ணின் இயல்புகளையும் மண்வளம் குன்றும், பெருகும் வழிகளையும் எளிமையாக விளக்கி, அவ்விளக்கத்தின் துணையால் இவ்விரு குறள்களையும் இணைத்துப் படிக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்நாட்டு மண்ணோடு, தமிழர் உழைத்த மலாயா மண்ணும் இங்கு ஒப்புநோக்கப்படுகிறது.

1. மண்ணின் இயல்புகள்

மண் என்பது பாறை நொறுங்கிய பொடி மட்டுமன்று. பயிருக்கு ஏற்ற நிலையிலுள்ள மண்ணின் கனஅளவில் ஏறத்தாழ 45 விழுக்காடு கனிமத் துகள்களும், 5 விழுக்காடு மக்கிய உயிர்ப்பொருளும், 25 விழுக்காடு நீரும், 25 விழுக்காடு காற்றும் இருக்கும் என்பது பாடநூல்கள் தரும் பொதுக் கணக்கு. அதாவது, மண்ணில் ஏறத்தாழப் பாதி வெற்றிடமே. அவ்விடத்தில்தான் வேர் மூச்சுவிடுகிறது; நீர் தங்குகிறது; நுண்ணுயிர்கள் வாழ்கின்றன.

கனிமத் துகள்கள் பருமனால் மூவகைப்படும். 2 மில்லிமீட்டர் முதல் 0.05 மில்லிமீட்டர் வரையுள்ளவை மணல், 0.05 முதல் 0.002 வரையுள்ளவை வண்டல், 0.002 மில்லிமீட்டரினும் நுண்ணியவை களி. இம்மூன்றும் கலந்திருக்கும் விகிதமே மண்ணின் நயம் எனப்படுகிறது. மணல் மிகுந்த மண்ணில் நீர் நில்லாது. களி மிகுந்த மண்ணில் நீர் எளிதில் இறங்காது. மூன்றும் அளவோடு கலந்த மண்ணே இருபாட்டுமண். வேளாண் நூல்கள் அதனைப் பெரும்பாலான பயிர்களுக்கு உகந்ததாகக் கூறுகின்றன.

களித்துகளுக்கு நுண்மையோடு மற்றொரு சிறப்பும் உண்டு. அதன் மேற்பரப்பு எதிர்மின் தன்மை உடையது. சுண்ணச்சத்து, மக்னீசியம், சாம்பல்சத்து, அம்மோனியம் ஆகிய நேர்மின் அயனிகளை அது பிடித்து வைத்துக்கொண்டு, வேர் கேட்கும்போது விட்டுக்கொடுக்கிறது. இந்த ஆற்றல் நேர்மின் அயனி மாற்றுத்திறன் எனப்படும். எல்லாக் களியும் இதில் ஒரே தன்மையன அல்ல. கரிசல் மண்ணில் மிகுந்துள்ள மாண்ட்மோரில்லோனைட் வகைக் களியின் மாற்றுத்திறன் கிலோ ஒன்றுக்கு 80 முதல் 120 சென்டிமோல் வரை இருக்கும். மலேசியச் செம்மண்ணில் மிகுந்துள்ள கயோலினைட் வகைக் களியில் அது 3 முதல் 15 வரையே. மக்கிய உயிர்ப்பொருளோ இவ்விரண்டினும் மேம்பட்டது; அதன் திறன் 200 அளவினது. ஆகவே, களியின் பிடிப்பாற்றல் குறைந்த மண்ணில் வளத்தைக் காத்து நிற்பது பெரும்பாலும் உயிர்ப்பொருளே ஆகும்.

அமில காரநிலை மூன்றாவது முதன்மைப் பண்பு. பெரும்பாலான பயிர்கள் 6 முதல் 7.5 வரையுள்ள நிலையில் நன்கு வளரும். 5.5க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்குகிறது. மணிச்சத்து இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து பயிருக்குக் கிட்டாமற்போகிறது. 8.5க்கு மேலே ஏறினால் சோடியம் மிகுந்து மண்ணின் கட்டமைப்பே குலைகிறது. மண்ணில் சத்து இருப்பது ஒன்று. அது பயிருக்குக் கிட்டுவது வேறொன்று. மண்வளம் என்பது பின்னதைக் குறிப்பது.

2. தமிழில் மண்ணின் பெயர்கள்

சங்க இலக்கியம் நிலத்தை வன்புலம், மென்புலம், செம்புலம் எனப் பலவாறு சுட்டுகிறது. மக்கள் வழக்கில் செவல், கரிசல், வண்டல், சரளை, களி, களர், உவர், கரம்பை முதலிய சொற்கள் உள்ளன. இவை வெறும் நிறப்பெயர்களோ இடப்பெயர்களோ அல்ல. ஒவ்வொன்றும் நீர், உழவு, பயிர் ஆகியன பற்றிய அறிவைத் தன்னுள் அடக்கியது. கரிசல் என்று கேட்டவுடனே கோவில்பட்டி வட்டாரத்து உழவர்க்குக் கோடை வெடிப்பும், மழைக்காலத்துக் காலைவிடாத சேறும், பருத்தியும் நினைவுக்கு வரும். மேற்சொன்ன மாண்ட்மோரில்லோனைட் களி நீரை ஏற்றுப் பருத்தும் நீரிழந்து சுருங்கியும் வெடிப்பதே இதற்குக் காரணம். கரிசலின் கருமை கண்டு அதில் மக்குப்பொருள் மிகுதி என்று கருதுவது பொதுவான பிழை. உண்மையில் அதில் உயிர்ப்பொருள் குறைவாகவே காணப்படுகிறது.

களர் என்னும் சொல் தனியே ஆராயத்தக்கது. 406ஆம் குறளில் கல்லாதவர்க்கு உவமையாக வரும் களர், எதுவும் விளையாத நிலம். 500ஆம் குறளில் வரும் களரோ யானையின் கால் புதையும் சேற்றுநிலம். ஒரே நூலில் ஒரு சொல் இருவேறு நிலத்தைக் குறிக்கிறதா என்னும் ஐயம் மாணவர்க்கு எழுவது இயல்பு. இக்கால வேளாண் அறிவியல் தமிழில் களர் என்பது சோடியம் மிகுந்த மண்ணைக் குறிக்கும். உப்பு மிகுந்த மண் உவர் எனப்படும். சோடியம் மிகும்போது களித்துகள்கள் ஒன்றையொன்று பற்றி நில்லாமல் பிரிந்து சிதறி, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. அதனால் மழைபெய்தால் நீர் இறங்காது தேங்கி, மண் குழம்பாகிறது. காய்ந்தால் ஓடுபோல் இறுகி, முளை வெளிவர இடங்கொடுப்பதில்லை. ஆகவே, சேறும் விளையாமையும் இருவேறு நிலங்களின் இயல்புகள் அல்ல. ஒரே நிலத்தின் இரு பருவத்து முகங்கள் எனக் கொள்ள இடமுண்டு. வள்ளுவர் வேதியியல் அறிந்திருந்தார் என்பது இதன் பொருளன்று. உழவர் கண்டு பெயரிட்ட ஒரு நிலத்தைப் புலவர் இருவேறு சூழலில் எடுத்தாண்டார் என்பதே பொருத்தமான முடிபாகும்.

குறுந்தொகையின் 40ஆம் பாடலில் வரும் செம்புலமும் இவ்வாறே விளக்கம் பெறும். செம்மண்ணின் நிறம் அதிலுள்ள இரும்பு ஆக்சைடால் வருவது. அந்த ஆக்சைடு பூசிய நுண்களி மழைநீரில் மிதந்து கலந்தபின் எளிதில் பிரிந்து படியாது. அன்புடை நெஞ்சங்களின் கலப்புக்கு இவ்வுவமை பொருந்துவது இதனாலேயே. அந்தச் செந்நீர் வயலைவிட்டு ஓடையில் இறங்கும்போது என்ன நிகழ்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

3. புழுதிக் குறள்: சொல்லும் அளவும்

1037ஆம் குறளின் கருத்து இது: ஒரு பலம் புழுதி காற்பலமாகும்படி நிலத்தை உழுது உலர்த்தினால், ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழித்து விளையும். தொடி என்பது பலம். கஃசு என்பது காற்பலம்.

முதலில் இவ்வளவைச் சோதித்துப் பார்ப்போம். நூறு கிராம் ஈரமண் இருபத்தைந்து கிராமாகக் குறையவேண்டுமெனில், அதில் எழுபத்தைந்து கிராம் நீர் இருந்திருக்க வேண்டும். அதாவது, உலர்மண்ணின் எடையைப்போல் மும்மடங்கு நீர். கனிம மண் எதுவும் இவ்வளவு நீரைத் தாங்குவதில்லை. நன்கு நனைந்த களிமண்ணில், உலர் எடை நூறு கிராமுக்கு ஐம்பது கிராம் நீர் இருப்பதாகக் கொண்டால், உலரும்போது மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கே குறையும். உலர்நிலையில் காற்பங்காகும் மண் உண்டு எனில், அது மலேசியக் கடலோரங்களில் காணப்படும் கரிச்சதுப்பு மண்ணே. அதனை வள்ளுவர் பாடியிருக்க வாய்ப்பில்லை. எனவே, பலமும் காற்பலமும் தராசில் நிறுத்துக் கூறிய அளவுகள் அல்ல. 'முற்றக் காயும்வரை மீண்டும் மீண்டும் உழுக' என்பதனை மனத்திற் பதியவைக்கும் இலக்கிய அளவைகள் எனக் கொள்வதே தகும். குறளை அறிவியல் என்று நிறுவ விழைவோர் இவ்வளவைக் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. கணக்கிட்டுப் பார்ப்பதால் குறளுக்கு இழுக்கு ஏதும் இல்லை.

அளவு உயர்வு நவிற்சியாயினும் செய்தி மெய்யானதே. கோடை உழவினால் விளையும் நன்மைகள் பல. களையின் வேர்கள் வெயிலில் காய்ந்து மடிகின்றன; மண்ணுள் உறங்கும் பூச்சிகளின் கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டுப் பறவைக்கு இரையாகின்றன; இறுகிய மேற்பரப்பு உடைந்து முதல்மழை வீணாகாமல் உள்ளிறங்குகிறது. இவற்றினும் நுட்பமானது, மண் காய்ந்து மீண்டும் நனைவதால் வெளிப்படும் தழைச்சத்து.

கென்யாவில் பணியாற்றிய மண்ணியலறிஞர் பர்ச் 1958இல் வெளியிட்ட ஆய்வு இதனை விரிவாக விளக்கியது. மண் காயும்போது நுண்ணுயிர்களுள் பெரும்பகுதி மடிகின்றது. மண்கட்டிகள் உடைந்து, அவற்றினுள் காப்பாக இருந்த உயிர்ப்பொருள் வெளிப்படுகின்றது. மழை பெய்தவுடன் எஞ்சிய நுண்ணுயிர்கள் விரைந்து பெருகி இவற்றை உண்டு சிதைக்கின்றன. அப்போது தழைச்சத்து அம்மோனியமாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் ஒருசேர வெளிப்படுகிறது. மண்ணை நீண்டகாலம் உலர்த்தும் அளவுக்கு இப்பெருக்கும் மிகுகிறது. இன்று மண்ணியலார் இதனைப் பர்ச் விளைவு என அழைக்கின்றனர். எரு இடாமலே முதற்பயிர் செழிப்பதை உழவர் கண்டிருக்கக்கூடும் என்பதற்கு இது போதிய சான்றாகும்.

4. எருக் குறள்: முரணும் இயைபும்

அடுத்த குறளாகிய 1038, உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்கிறது. களை நீக்கியபின் நீர் பாய்ச்சுதலைக் காட்டிலும் பயிரைக் காத்தல் நன்று என்கிறது. முந்திய குறளில் ஒரு பிடி எருவும் வேண்டா என்றவர், இங்கு எருவே உழவினும் சிறந்தது என்பது மேலோட்டமாக நோக்குவார்க்கு முரணாகத் தோன்றும்.

மண்ணியல் நோக்கில் முரண் ஏதுமில்லை. காய்ந்து நனைந்த மண்ணில் பெருகும் தழைச்சத்து புதிதாகப் படைக்கப்பட்டதன்று. மண்ணில் முன்பே சேர்ந்திருந்த உயிர்ப்பொருளிலிருந்து அது எடுக்கப்பட்டது. ஒவ்வொரு முறை உழுது உலர்த்தும்போதும் அச்சேமிப்பில் ஒரு பகுதி கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கிறது. எரு இடாமல் உழவையே நம்பி நடத்தினால், ஆண்டுக்கு ஆண்டு வெளிப்படும் சத்து குறைந்துகொண்டே வரும். வெப்பநாட்டில் உயிர்ப்பொருள் சிதையும் வேகம் மிகுதி என்பதால் இவ்விழப்பு குளிர்நாட்டினும் விரைவாக நிகழும். சுருங்கக் கூறின், உழவு மண்ணின் சேமிப்பை எடுத்துச் செலவிடும் தொழில். எருவிடுதல் சேமிப்பை ஈடுசெய்யும் தொழில். முதலைச் செலவிடக் கற்பித்த குறளை அடுத்து, முதலைக் காக்கக் கற்பிக்கும் குறள் வைக்கப்பட்டிருப்பது பொருத்தமே. இவ்விரண்டையும் பிரித்துக் கற்பிப்பதே பிழை.

நீண்டகாலச் சோதனை வயல்கள் இதனை உறுதிப்படுத்துகின்றன. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843ஆம் ஆண்டு முதல் தொழுவுரம் இடப்பட்டுவரும் கோதுமைப் பாத்தியின் மண்ணில், எதுவும் இடாத பாத்தியைக் காட்டிலும் உயிர்க்கரிமம் இரண்டு மடங்குக்கும் மேலாக உள்ளது. கோயம்புத்தூரிலும் 1909இல் இத்தகைய நிரந்தர எருச் சோதனை வயல் தொடங்கப்பெற்றது. மண்வளம் ஓரிரு பருவங்களில் கண்டறியத்தக்கதன்று. தலைமுறைக் கணக்கில் அளக்கத்தக்கது என்பதை இவ்வயல்கள் உணர்த்துகின்றன.

5. தமிழ்நாட்டு உழவர் கையாண்ட வழிகள்

மண்ணின் சேமிப்பை ஈடுசெய்யத் தமிழ்நாட்டு உழவர் பல வழிகளைக் கையாண்டனர். அவற்றுள் சிலவற்றை மட்டும் இங்கே காணலாம்.

முதலாவது, தொழுவுரம். மாட்டுச்சாணம், சிறுநீர் ஊறிய வைக்கோல், சாம்பல் ஆகியவற்றைக் குப்பைக்குழியில் சேர்த்து மக்கவைத்து வயலில் கொட்டுவது. நன்கு மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ அரை விழுக்காடு மட்டுமே. யூரியாவில் அது 46 விழுக்காடு. ஒரு டன் தொழுவுரம் தரும் ஐந்து கிலோ தழைச்சத்தைப் பதினொரு கிலோ யூரியா தந்துவிடும். இக்கணக்கை மட்டும் கொண்டு நோக்கினால் தொழுவுரம் சுமைமிக்க, பயன்குறைந்த பொருளாகத் தோன்றும். ஆனால், யூரியா தராத உயிர்ப்பொருளையும் நுண்ணூட்டங்களையும் நீர்ப்பிடிப்பையும் தொழுவுரம் தருகிறது.

இரண்டாவது, கிடை அமர்த்தல். அறுவடைக்குப்பின் ஆட்டுமந்தையை இரவில் வயலில் தங்கவைத்து, மறுநாள் இடம்மாற்றி அமர்த்துவர். புழுக்கையோடு சிறுநீரும் நேரே மண்ணில் இறங்குவதால் தழைச்சத்து வீணாவது குறைகிறது. சுமைகூலியும் இல்லை. நிலமுடையார்க்கும் இடையர்க்கும் இடையே நிலவிய இப்பொருளியல் உறவின் பின்னணியை அறிந்து படித்தால், கி. ராஜநாராயணனின் கிடை என்னும் குறுநாவல் மாணவர்க்கு மேலும் தெளிவாகும்.

மூன்றாவது, குளத்து வண்டல். கோடையில் ஏரி, குளம் வற்றியபின் அடியில் படிந்த கரம்பையை வெட்டி வண்டிகளில் ஏற்றி வயலுக்குக் கொண்டுசெல்வர். மேட்டு நிலத்திலிருந்து அடித்துவரப்பட்ட நுண்களியும் மக்கும் மீண்டும் வயலை அடைகின்றன, குளமும் ஆழம்பெறுகிறது. செம்புலத்திலிருந்து பிரிந்துபோன செந்நீரின் செல்வத்தைத் திரும்பப் பெறும் வழி இதுவே.

நான்காவது, தழையுரம். புங்கு, வேம்பு, எருக்கு, ஆவாரை ஆகியவற்றின் தழையை வெட்டிவந்து சேற்றில் மிதித்தலும், கொழிஞ்சி, சணப்பை, தக்கைப்பூண்டு ஆகியவற்றை வயலிலேயே வளர்த்து மடக்கி உழுதலும் இதனுள் அடங்கும். பின்னைய மூன்றும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்து நிலைப்படுத்துகின்றன என்பதைச் செருமானிய அறிஞர்களான ஹெல்ரீகலும் வில்பார்த்தும் 1888இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. தக்கைப்பூண்டு களர்நிலத்தையும் தாங்கி வளரும். களர்நிலத்தில் ஜிப்சம் இட்டு, நீர்தேக்கி வடித்தபின் அதனை வளர்த்து மடக்கி உழும்படி வேளாண்துறையினர் பரிந்துரைப்பது இதனாலேயே. 2024இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்திலும் பசுந்தாளுர விதை வழங்கல் ஒரு கூறாக உள்ளது.

இவ்வழிகள் அனைத்தும் எக்காலத்தும் குறைவின்றி நடைபெற்றன என்று கருதுவதும் பொருந்தாது. இந்திய வேளாண்மையை ஆராய 1889இல் அனுப்பப்பெற்ற வேதியியலறிஞர் வோல்க்கர், 1893இல் வெளிவந்த தம் அறிக்கையில் இந்திய உழவரின் திறமையைப் பெரிதும் பாராட்டினார். எனினும், விறகுப் பற்றாக்குறையால் சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிவதைப் பெருங்குறையாகச் சுட்டி, விறகுக்காடுகள் வளர்த்தால் எரு வயலுக்குச் சேரும் என்று பரிந்துரைத்தார். எருவின் அருமை அறியாமையால் அன்று. வறுமையால் அது வயலை அடையவில்லை.

6. வேதியுரங்களின் இடம்

பயிர் மண்ணிலிருந்து கனிமச் சத்துகளையே ஏற்கிறது என்பதை 1840இல் வெளியான லீபிக்கின் நூல் பரப்பியது. மிகக் குறைவாக உள்ள சத்தே விளைச்சலின் எல்லையை வரையறுக்கும் என்னும் அவர் கோட்பாடு இன்றும் பயன்படுகிறது. காற்றிலுள்ள தழைச்சத்திலிருந்து அம்மோனியா செய்யும் தொழிற்சாலை 1913இல் செருமனியில் இயங்கத் தொடங்கியபின் உலக வேளாண்மை மாறிற்று. பெருகிய மக்கள்தொகைக்கு உணவளித்ததில் வேதியுரத்தின் பங்கை மறுத்தல் நேர்மையாகாது. ரோத்தம்ஸ்டெட்டிலும் வேதியுரம் மட்டும் அளவோடு இட்ட பாத்திகள் நல்விளைச்சல் தந்தே வந்துள்ளன.

இடர்ப்பாடு உரத்தில் அன்று. சமநிலை இன்மையில் உள்ளது. இந்தியாவில் யூரியாவின் விலை பிற உரங்களினும் மிகக் குறைவாக இருப்பதால், தழைச்சத்து மிகையாகவும் சாம்பல்சத்து, துத்தநாகம், கந்தகம் ஆகியன குறைவாகவும் இடப்படுகின்றன. லீபிக்கின் கோட்பாட்டின்படி, குறைந்த சத்து எதுவோ அதுவே விளைச்சலைக் கட்டிப்போடும். மிகையாக இட்ட யூரியா நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகச் சேரும். எருவும் உரமும் ஒன்றற்கொன்று பகையல்ல. எரு மண்ணின் பிடிப்பாற்றலைப் பெருக்குவதால் இட்ட உரம் வீணாகாமல் நிற்கிறது. மண்ணை ஆய்ந்து, எருவை அடிப்படையாக வைத்து, குறைவதை மட்டும் உரத்தால் நிரப்புவதே இன்று பெரும்பாலான வேளாண் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைக்கும் ஒருங்கிணைந்த முறையாகும்.

7. மலாயாத் தோட்டங்கள் தந்த பாடம்

தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்த உழைப்பாளர் இங்கும் செம்மண்ணையே கண்டனர். கிளந்தானிலும் சிங்கப்பூரிலும் தானா மேரா, அதாவது செம்மண், என்றே ஊர்ப்பெயர்கள் உள்ளன. நிறம் ஒன்றாயினும் இரண்டும் ஒரே மண் அல்ல. தமிழ்நாட்டின் ஆண்டு மழையளவு சராசரியாக ஏறத்தாழ 950 மில்லிமீட்டர். தீபகற்ப மலேசியாவின் பெரும்பகுதியில் அது 2,000 மில்லிமீட்டருக்கும் மேல். பன்னெடுங்காலமாகப் பெய்த இப்பெருமழை மண்ணின் சுண்ணச்சத்தையும் மக்னீசியத்தையும் கழுவிச் சென்றுவிட்டது. எஞ்சியது இரும்பும் அலுமினியமும் கயோலினைட்டும் மிகுந்த, அமிலநிலை 4 முதல் 5 வரையுள்ள மண். மலேசிய நிலப்பரப்பில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு இத்தகையதே. அடர்காடு செழித்திருந்தமையால் மண்ணும் செழிப்பானது என்று கருதியோர் உண்டு. உண்மையில், காட்டின் வளத்தில் பெரும்பகுதி மரங்களிலும் உதிர்ந்த இலைகளிலும் இருந்தது. காட்டை வெட்டி எரித்தவுடன் அவ்வளம் சாம்பலாகிச் சில பருவங்களே நின்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது, மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இல்லாதவாறு நிலத்தைத் துடைத்து வைப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. களை மரத்தின் உணவைப் பறிக்கும் என்பது அதற்குக் கூறிய காரணம். நாளெல்லாம் குனிந்து களையெடுத்த கைகளுள் பெரும்பாலானவை தமிழருடையவை. விளைவு என்ன? மூடாக்கற்ற சரிவுநிலத்தில் வெப்பமண்டல மழை நேரே விழுந்தது. மேல்மண் அரித்து ஓடைகளிலும் ஆறுகளிலும் சிவந்த நீராக ஓடிற்று. குறுந்தொகைப் புலவர் கலப்பின் இனிமையைக் கண்ட செம்புல நீரில், மண்ணியலார் இழப்பின் கணக்கைக் காண வேண்டியதாயிற்று.

இதன் தீங்கு உணரப்பட்டபின் முறை மாறிற்று. 1925இல் நிறுவப்பட்ட மலாயா இரப்பர் ஆய்வுக் கழகத்தின் காலத்தில் மூடுபயிர் வளர்ப்பு தோட்டங்களில் வேரூன்றியது. பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய கொடிகள் மர வரிசைகளுக்கிடையே பரப்பப்பட்டன. இவை மூன்றும் கொழிஞ்சியையும் சணப்பையையும் போன்றே அவரைக் குடும்பத்தன. மழைத்துளியின் அடியைத் தாங்கி மண்ணைக் காத்தல், தழைச்சத்தை நிலைப்படுத்தல், உதிர்ந்து மக்கி உயிர்ப்பொருளைச் சேர்த்தல் என மூன்று பணிகளை அவை செய்தன. சரிவுகளில் படிவரப்புகளும் வெட்டப்பட்டன. பின்னாளில் செம்பனைத் தோட்டங்களில் பரவிய முக்குனா என்னும் கொடி இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. தமிழ் மருத்துவம் அறிந்த பூனைக்காலியின் இனத்தைச் சேர்ந்தது.

1917இல் கோலசிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில் வணிக முறையில் நடப்பட்ட செம்பனை, பின்னர் நாட்டின் முதன்மைப் பயிராயிற்று. அங்கும் வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கிடையே அடுக்குதல், ஆலையில் பழம் உதிர்த்தபின் எஞ்சும் வெறுங்குலைகளை மரத்தைச் சுற்றிப் பரப்புதல் ஆகிய வழிகளால் மண்ணிலிருந்து எடுத்ததில் ஒரு பகுதி மண்ணுக்கே திரும்புகிறது. அமிலத்தன்மையைத் தணிக்க மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத்தூள் இடப்படுகிறது. பெயரும் பொருளும் வேறாயினும், குப்பைக்குழியும் கிடையும் கரம்பையும் செய்த பணியே இது.

ஒன்றை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். தோட்டத்து மண்ணைத் தம் கையால் வெட்டியும் நிரப்பியும் பாத்திகட்டியும் அறிந்த தலைமுறை மறைந்துவருகிறது. அவர்கள் பெற்றிருந்த மண்ணறிவு ஆய்வுக்கழக அறிக்கைகளில் ஆங்கிலத்தில் ஒருவாறு பதிவாயிற்று. அவர்தம் தமிழ்ச் சொற்களில் மிகுதியாகப் பதிவாகவில்லை. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதி செய்ததுபோல், மலேசியத் தோட்டத் தமிழின் மண், களை, பயிர் பற்றிய சொற்களைத் தொகுப்பது இந்தியவியல் துறை மாணவர்க்கு ஏற்ற ஆய்வுப் பொருளாகும். மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே அது செய்யத்தக்கது.

8. வகுப்பறைக்கு இரு செயல்முறைகள்

இதுகாறும் கூறியவற்றை வகுப்பறையில் மெய்ப்பித்துக்காட்ட அரிய கருவிகள் தேவையில்லை. முதற்செயல்முறை மண்நயம் பற்றியது. கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, நன்கு குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். ஓரிரு நிமிடங்களில் மணல் அடியில் படியும். சில மணிநேரத்தில் வண்டல் அதன்மேல் படியும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மறுநாளும் நீர் சிவந்தே இருப்பதைக் காணும் மாணவர்க்குச் செம்புல நீரின் உவமையை வேறு சொல்லி விளக்கத் தேவை இராது.

இரண்டாவது, புழுதிக் குறளைத் தராசில் வைத்தல். பள்ளித் தோட்டத்தில் மழைக்குப்பின் எடுத்த மண்ணை நிறுத்து, தட்டில் பரப்பி, நாள்தோறும் வெயிலில் காயவைத்து நிறுத்துவர வேண்டும். எடை எங்கு நிற்கிறது என்பதை மாணவரே குறிப்பர். காற்பங்குக்கு அது வாராது. ஏன் வரவில்லை, வள்ளுவர் ஏன் அவ்வாறு கூறினார் என்னும் வினாக்களிலிருந்து இலக்கிய அளவை, உயர்வு நவிற்சி, உழவரின் பட்டறிவு ஆகியன குறித்த உரையாடல் தொடங்கும். அவ்வாறு காய்ந்த மண்ணில் பாதியைத் தனியாகவும், மீதியை மக்கிய எருவுடன் கலந்தும் இரு தொட்டிகளில் இட்டுக் கீரை விதைத்து, பறித்து, மீண்டும் மீண்டும் விதைத்து வந்தால் 1038ஆம் குறளின் உரையை அத்தொட்டிகளே கூறும். முதல் விதைப்பில் வேறுபாடு சிறிதாக இருக்கலாம். நான்காம் விதைப்பில் எவ்வாறு இருக்கிறது என்பதைக் குறித்துவைப்பதே இச்சோதனையின் பயன்.

முடிவுரை

மண்ணின் நயம், அயனி மாற்றுத்திறன், அமில காரநிலை, உயிர்ப்பொருள் ஆகியவற்றால் மண்வளம் அமைகிறது. இவற்றுள் மனிதனால் விரைவில் குறைக்கத்தக்கதும், முயன்றால் மீட்கத்தக்கதும் உயிர்ப்பொருளே. உழுது உலர்த்துதல் அதனைச் செலவிட்டுப் பயிரை வளர்க்கிறது. எரு, கிடை, வண்டல், தழை, மூடுபயிர் ஆகியன அதனை ஈட்டித் தருகின்றன. 1037, 1038ஆம் குறள்கள் இவ்விரு உண்மைகளையும் அடுத்தடுத்து வைத்துள்ளன.

உலகின் மண்வளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சீர்கேடு அடைந்துள்ளதாக ஐக்கிய நாட்டு உணவு வேளாண் நிறுவனம் 2015இல் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. 2014 முதல் திசம்பர் 5ஆம் நாள் உலக மண் நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அந்நாளில் பள்ளிகளில் உழவு அதிகாரம் ஒப்பிக்கப்படுவது மகிழ்ச்சிக்குரியதே. எருவே வேண்டா என்று குறள் கூறுவதாக மாணவர் நம்பிச் செல்வாராயின், அவ்வொப்புவித்தல் மண்ணுக்கும் நூலுக்கும் நன்மை செய்ததாகாது. இரு குறள்களையும் ஒருங்கே கற்பிக்கும் பொறுப்பு தமிழாசிரியருடையது.